திரும்பி வந்தவர்களின் மண்: கிராம மயானங்களும் படைவீரர் நினைவும்

1. கழித்தல் கணக்கு

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது அது சொல்லும் செய்தி. திருச்சி காந்தி மார்க்கெட் அருகிலுள்ள நினைவுச்சின்னமும் இதே வகையில் பேசுகிறது. அங்கே போனவர்கள் 302, மாண்டவர்கள் 41. போர் முடிந்தபின் பிரிட்டிஷ் இந்திய அரசு பஞ்சாபிலிருந்து சென்னை மாகாணம்வரை ஊர் ஊராக ஒரே வாசகத்தைச் செதுக்கி வைத்தது. ஊரின் பெயரும் எண்களுமே ஊருக்கு ஊர் மாறின.

இந்தக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணைத்தான் கவனித்தார்கள்: 14, 41. இக்கட்டுரை கழித்தால் கிடைக்கும் எண்ணைப் பற்றியது. வேலூரில் 263, திருச்சியில் 261. இவர்கள் பஸ்ராவிலும் பிரான்சிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சாகாமல் தப்பியவர்கள். ஊர் திரும்பி, விவசாயமோ கூலி வேலையோ பார்த்து, மூப்பாலும் காய்ச்சலாலும் இறந்து, ஊர் மயானத்தில் புதைக்கப்பட்டவர்கள். இரண்டாம் உலகப் போரையும், அதற்குப் பின் 1962, 1965, 1971 போர்களையும் சேர்த்தால் தமிழகத்தில் இத்தகைய கல்லறைகள் இல்லாத வட்டாரமே இருக்காது. ஆனால் எந்த மண்மேடு யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை, ஏடும் இல்லை.

போரில் இறந்தவனை நினைவுகூர நம்மிடம் பல வழிகள் இருக்க, போரிலிருந்து திரும்பி வந்து ஊரில் இறந்தவனை நினைவுகூர ஏன் ஒரு வழியும் உருவாகவில்லை? இதுதான் கேள்வி.

2. இதுவரை எழுதப்பட்டவை

இந்தியச் சிப்பாய் குறித்த ஆய்வு கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. டேவிட் ஒமிஸ்ஸி 1999இல் தொகுத்து வெளியிட்ட சிப்பாய்களின் கடிதங்கள், பெயரற்ற கூட்டமாகக் காட்டப்பட்டவர்களுக்குக் குரல் கொடுத்தன. சாந்தனு தாஸ் 2018இல் வெளியிட்ட நூல் கடிதம், பாடல், பொருள், புகைப்படம் என்று எல்லாவற்றையும் சான்றாக எடுத்துக்கொண்டது. ராதிகா சிங்ஹா 2020இல் துப்பாக்கி ஏந்தாதவர்களின் பக்கம் திரும்பினார். சுமை தூக்கியவர்கள், சமைத்தவர்கள், துப்புரவு செய்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள் இல்லாமல் அந்தப் போர் நடந்திருக்காது என்று நிறுவினார்.

மூவரும் வேண்டிய வேலை செய்தவர்கள். ஆனாலும் ஒட்டுமொத்த ஆய்வின் பார்வை பஞ்சாபை நோக்கியே சாய்ந்திருக்கிறது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த பிரடெரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற கருத்தை உறுதியாகப் பரப்பியவர். 1895இல் மாகாணப் படைகள் கலைக்கப்பட்டு ஒரே இந்தியப் படையானபோது அந்தக் கருத்து ஆள்சேர்ப்புக் கொள்கையாகவே மாறிவிட்டது. ஆள் தேவை முற்றியபோது மட்டும் அது தளர்ந்தது. முதல் உலகப் போரில் சென்னை மாகாணம் 90,000 பேருக்கும் மேல் அனுப்பியது. அவர்களில் ஐந்தில் இருவருக்கும் அதிகமானோர் ஆயுதம் ஏந்தாப் பணியாளர்கள். போர் முடிந்ததும் பழைய கருத்து மீண்டு வந்தது. சென்னைக் காலாட்படை 1928க்குள் முற்றிலும் கலைக்கப்பட்டு, அடுத்த போருக்காக 1941இல் மறுபடி எழுப்பப்பட்டது. இடைக்காலத்தில் தொடர்ந்து நின்றது பாலம் கட்டும், கண்ணிவெடி அகற்றும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. அதன் சிப்பாய்களை இன்றும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள்.

கலைக்கப்பட்ட படைக்குத் தன் பழைய வீரர்களை நினைவுகூர நிறுவனம் இருக்காது. ஒரு ரெஜிமென்ட் தொடர்ந்து உயிரோடு இருந்தால் அதன் தலைமையகத்தில் பெயர்ப் பலகை இருக்கும், ஆண்டு விழா இருக்கும், ஓய்வு பெற்றவர்கள் வந்து நிற்க ஓர் இடம் இருக்கும். 1920களில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட தமிழ்ச் சிப்பாய்கள் பலருக்கு அப்படிப் போய் நிற்க இடமில்லை. மயானத்தில் அவர்கள் பெயர் இல்லாமல் போனதற்கு முதல் காரணத்தை நான் இங்கே காண்கிறேன்.

3. நடுகல் மரபை எவ்வளவு தூரம் சாட்சிக்கு அழைக்கலாம்

இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் தமிழ் வாசகர் உடனே நடுகல்லை நினைப்பார். நியாயம்தான். போரில் விழுந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் துறைகளாகவே வகுத்திருக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த கற்கள் இம்மரபின் பழமையைக் கண்முன் நிறுத்தின. 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தொல்லியல் துறை வெளிக்கொணர்ந்த செங்கம் வட்டாரக் கற்கள் இதைவிட விரிவானவை.

செங்கம் கற்களில் ஒரு ஒழுங்கு தெரியும். அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில். பிறகு இறந்தவன் யாருடைய சேவகன், எந்த ஊர்மேல் யார் தொறு (ஆநிரை) கொண்டபோது விழுந்தான் என்ற விவரம். கடைசியில் அவன் பெயர், இது அவனுடைய கல் என்ற முடிப்பு. சில வரிகளுக்குள் ஒரு சாமானியன் காலம், இடம், காரணம், பெயர் என்ற நான்கோடும் நிற்கிறான். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் வீரன் பக்கத்தில் நாய் ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர்களைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் அக்கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, இருபதாம் நூற்றாண்டில் வேலூரிலிருந்து கப்பலேறிய 277 பேரில் ஒருவருக்கும் மணிக்கூண்டில் கிடைக்கவில்லை.

ஆனால் நடுகல்லைக் காட்டி, நம் மரபில் எல்லாம் இருந்தது என்று முடித்துவிட முடியாது. நடுகல் விழுந்தவனுக்கே உரியது. தொறு மீட்டு உயிரோடு திரும்பி, பேரன் பேத்தி எடுத்து, கிழவனாகிச் செத்தவனுக்கு அம்மரபு கல் எடுக்கவில்லை. நட்ட கல் காலப்போக்கில் வேடியப்பனாகி, பொங்கல் படையல் பெறும் தெய்வமாகும். திரும்பியவன் வெறும் மனிதனாகவே இருப்பான். மணிக்கூண்டுக் கல்வெட்டும் இதே பிரிப்பைத்தான் செய்கிறது. போனவர்களை எண்ணாகச் சொல்லி, இறந்தவர்களைத் தனி எண்ணாக உயர்த்தி, திரும்பியவர்களைச் சொல்லாமலே விடுகிறது. பேரரசின் நினைவு முறையும் பழைய தமிழ் நினைவு முறையும் பெயர் விஷயத்தில் முரண்பட்டாலும், திரும்பியவனை விடுவதில் ஒன்றுபடுகின்றன.

4. பேரரசின் கல்லறைக் கொள்கை

1917இல் அரச சாசனத்தின் மூலம் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், உயர்ந்த ஒரு கொள்கையோடு தொடங்கியது. அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடின்றி ஒரே அளவுக் கல். இறந்த ஒவ்வொருவரின் பெயரும் எங்காவது ஓரிடத்தில் பொறிக்கப்படும். சென்னை நந்தம்பாக்கத்தில் பரங்கிமலைச் சாலையோரம் 1952இல் அமைந்த கல்லறைத் தோட்டத்துக்குள் போனால் இக்கொள்கையைக் கண்ணால் காணலாம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த, நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லாத இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 850க்கும் மேற்பட்ட கற்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. தோட்டத்தின் பின்புறச் சுவரில், வேறு எங்கெங்கோ புதைக்கப்பட்டு, பராமரிக்க முடியாமல் போன முதல் உலகப் போர்க்காலத்தவர் ஆயிரம் பேருக்கு மேல் பெயராக நிற்கிறார்கள்.

இந்தக் கொள்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படவில்லை என்பதை ஆணையமே ஏப்ரல் 2021இல் வெளியிட்ட தனது சிறப்புக் குழு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை; எந்த வகையிலுமே நினைவுகூரப்படாமலும் இருக்கலாம். ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் இத்தனை பேர் என்ற எண் மட்டும். மெசபடோமியப் போர்முனைக்கு மெட்ராஸ் சாப்பர்களும் போனார்கள். எனவே அந்த எண்களுக்குள் தமிழர்களும் அடக்கம். பிரான்சின் நவ் ஷப்பேலில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவுச்சின்னத் தூணில் ஆங்கிலம், அரபி, இந்தி, குர்முகி ஆகிய எழுத்துகள் உள்ளன. தென்னிந்திய மொழி எதுவும் இல்லை.

எனினும் இக்கட்டுரைக்கு முக்கியமானது ஆணையம் வகுத்த தேதி எல்லை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த நாள்களுக்குள் பணியில் இருந்தபடியே இறந்தவரும், பணிவிடுப்புப் பெற்றபின் போர்க்காயத்தாலோ போர்ப்பணியில் வந்த நோயாலோ இறந்தவரும் போரில் இறந்தவர்களாகக் கொள்ளப்படுவார்கள். அதாவது பஸ்ராவில் குண்டடிபட்டு, தென்னாற்காட்டுக் கிராமத்துக்குத் திரும்பி, 1921 ஆகஸ்டில் அந்தப் புண்ணாலேயே இறந்த ஒருவர் ஆணையத்தின் கணக்கில் வர வேண்டியவர். அதே புண்ணால் அடுத்த மாதம் இறந்தவருக்கு அந்த உரிமை இல்லை. எல்லை எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் எல்லைக்குள் வந்தவரின் சாவுக்கும் ஆதாரம் வேண்டும். மருத்துவச் சான்றோ, முறையான இறப்புப் பதிவோ வேண்டும். நூறாண்டுக்கு முன் கிராமத்தில் கர்ணம் எழுதிய இறப்புப் பதிவில் ‘காய்ச்சல்’ என்பதைத் தாண்டி என்ன காரணத்தை எதிர்பார்க்க முடியும்? கொள்கை திறந்து வைத்த கதவு, சான்று இல்லாமையால் மூடிக்கொண்டது.

இறந்தவரின் குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசு வெண்கல வட்டத் தகடு ஒன்றைக் கொடுத்தது. அதில் பெயர் மட்டும், பதவி கிடையாது. திரும்பியவருக்குக் கிடைத்தது பதக்கம். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியால் ஆனது, தொழிலாளர் படையினருக்கு மட்டும் வெண்கலம். ஒரு பக்கம் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். தமிழக வீடுகளில் எங்காவது இப்பதக்கம் எஞ்சியிருந்தால் பார்க்க வேண்டியது இரண்டு முகங்களையும் அல்ல, விளிம்பை. அங்கே, நகக்கண் உயரத்தில், வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரண இந்தியச் சிப்பாய் ஒருவரின் பெயரைப் பேரரசு உலோகத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்த அபூர்வச் சான்று அது. வெள்ளி என்பதால் பஞ்சகாலத்தில் முதலில் அடகுக்கடைக்குப் போயிருக்கக்கூடியதும் அதுவே. உருக்கப்பட்ட ஒவ்வொரு பதக்கத்தோடும் ஒரு பெயர் போயிற்று.

5. மயானத்தில் யார், எங்கே

கிராம மயானத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அங்கே பெயர் தங்குவது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஊருக்கு வெளியே, ஓடைக்கரையிலோ ஏரி உள்வாயிலோ, எருக்கும் சீமைக்கருவேலமும் மண்டிய புறம்போக்கு. அடக்கம் முடிந்த அன்று மண்மேடு இடுப்புயரம் இருக்கும். மறுநாள் பால் தெளித்து, தலைமாட்டில் ஒரு குச்சியோ கல்லோ நட்டுவிட்டு வருவார்கள். இரண்டு ஐப்பசி மழைக்கு மேடு தரையாகிவிடும். சில ஆண்டுகளில் அதே இடத்தில் அடுத்த குழி. வசதி உள்ளவர்கள் சிமெண்டுத் திண்ணை கட்டுவார்கள். கிறித்தவக் கல்லறைகளில் சிலுவையும் பெயரும் தேதியும் எழுதும் வழக்கம் இருப்பதால் அங்கே மட்டும் சில பெயர்கள் கூடுதலாகப் பிழைத்திருக்கின்றன. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் புல எண்ணும் பரப்பும் மயானம் என்ற வகைப்பாடும் இருக்கும். உள்ளே கிடப்பவர் யார் என்று எந்த ஏடும் கேட்பதில்லை.

மயானம் என்று ஒருமையில் எழுதினேன். பெரும்பாலான ஊர்களில் அது ஒன்றல்ல. ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று. பல இடங்களில் சாதிக்கு ஒன்று. தமிழகத்திலிருந்து படைக்குப் போனவர்களின் சமூக வரலாற்றோடு இதை இணைத்துப் பார்க்காமல் நினைவு பற்றிப் பேசுவது பொய்யாகிவிடும். சென்னைப் படை தொடக்கம் முதலே பறையர், கிறித்தவர், இசுலாமியர், தெலுங்கர், தமிழ் உழவர் சாதிகள் என்று பலரையும் சேர்த்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் படை என்பது சம்பளம் மட்டுமல்ல. அரைக்கால் சட்டையும் பூட்ஸும் அணிந்து, எழுதப் படிக்கக் கற்று, பிற சாதியாரோடு ஒரே வரிசையில் நிற்க வழிவிட்ட அரிய இடம். முதல் உலகப் போரில் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். கூலிக்குத் தானியம் அளந்த காலத்தில், கையில் காசாக, மாதம் தவறாமல் வந்த தொகை அது.

அந்த மனிதர் ஊர் திரும்பினார். செத்தபின் எந்த வழியாக எடுத்துப் போகப்பட்டார்? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தனியார் நிலம் வழியாகப் பாதை மறுக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கி மயானத்துக்குக் கொண்டு சென்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. இறந்தவர் படைவீரர் அல்லர். ஆனால் இது நடந்தது அன்றைய வேலூர் மாவட்டத்தில். ஒரு நூற்றாண்டுக்கு முன் மணிக்கூண்டில் எண்ணாக இடம்பெற்றவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்ட பாதை வழியே போயிருப்பார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. போர்முனையில் அனைவருக்கும் ஒரே கல் என்று அறிவித்த கொள்கை ஊரெல்லையில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஊரின் சட்டம்.

வாய்மொழி நினைவு இதை ஓரளவு ஈடுகட்டுகிறது. பல ஊர்களில் ‘பட்டாளத்தார் வீடு’, ‘மிலிட்டரிக்காரர் கொல்லை’ என்ற பெயர்கள் மூன்றாம் தலைமுறையிலும் வழங்குகின்றன. வேலூர் அருகேயுள்ள கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு படையில் இருந்தவர்கள் என்பதால் ஊரையே மிலிட்டரிப்பேட்டை என்பார்கள். இத்தகைய நினைவு குடும்பத்தின் மதிப்பைக் காக்கும். ஆனால் அந்த மனிதரின் இயற்பெயரை அதுவே மறைத்தும் விடுகிறது. பேரன்மார் ‘பட்டாளத்தார் பேரன்’ ஆகிறார்கள். பட்டாளத்தார் எந்தப் படையில், எந்த ஊரில் இருந்தார் என்பது அவரோடு போய்விடுகிறது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய அரசும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 2019 பிப்ரவரியில் தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 1947க்குப் பின் களத்தில் இறந்த 25,942 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவசியமான பணி. ஓய்வு பெற்று ஊரில் இறப்பவருக்கு அங்கே இடமில்லை. தேசியக் கொடி விதிகளின்படி அரசு, இராணுவ, மத்திய ஆயுதப் படை இறுதிச் சடங்குகளில் மட்டுமே உடலைக் கொடியால் போர்த்தலாம். அப்போதும் கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது. ஆகவே கிராமத்தில் இறக்கும் முன்னாள் சுபேதாருக்கு, பக்கத்து ஊர்களிலிருந்து பெரே தொப்பியும் பதக்கங்களும் அணிந்து வரும் பழைய தோழர்களின் சல்யூட்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அவர்களும் முதியவர்கள்; ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைகிறது. சுதந்திரப் போராட்ட வீரராக அங்கீகாரம் பெற்ற இந்திய தேசிய இராணுவத்தவரை ஊர் ‘தியாகி’ என்று அறியும். அதே போரில் எதிர்த்தரப்பில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த பக்கத்துத் தெருக்காரருக்கு அப்படியொரு பொதுப்பெயரும் இல்லை.

புதுச்சேரியில் நிலைமை வேறு. முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்தியர்களுக்காகக் கடற்கரையில் 1938 ஏப்ரலில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் ஒவ்வொரு நவம்பர் 11 அன்றும் மலர்வளையம் வைக்கிறார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர்களும் பதக்கத்தோடு வருகிறார்கள். ஊர் அவர்களைச் ‘சொல்தா’ என்று அழைக்கிறது. அவர்கள் கூடுவதற்கென்றே ஒரு படைவீரர் இல்லம் நகருக்குள் இருக்கிறது. குடியேற்ற ஆட்சி அங்கேயும்தான் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. ஆயினும் உயிரோடு திரும்பியவர், இறந்தவரை நினைக்கும் சடங்கில் ஓர் அங்கமாக இருப்பது, திரும்பியவரையும் காணும்படி செய்கிறது.

6. மண்ணே இடம் மாறும்போது

இதுவரை சொன்னது மயானம் இருக்கிற ஊர்களைப் பற்றி. நெய்வேலி வட்டாரத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது முதல் சுரங்கத்துக்காக ஊர்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023 ஜூலை இறுதியில் சேத்தியாத்தோப்பு அருகேயுள்ள வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் பிடித்த நெல் வயல்களுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பயிருக்கும் வீட்டுக்கும் மரத்துக்கும் மதிப்புப் போட முறை இருக்கிறது. மயானத்துக்கு?

நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வு தொடர்பான மத்திய அரசின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பேசாமல் விடவில்லை. புதுக் குடியிருப்பில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும் என்று பட்டியலிடும் அதன் மூன்றாம் அட்டவணையில், அங்குள்ள சாதிச் சமூகங்களையும் அவற்றின் வழக்கங்களையும் பொறுத்துப் புதைகாடோ சுடுகாடோ அமைத்துத் தரப்பட வேண்டும் என்ற வரி இருக்கிறது. அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். ஒன்று, இனி இறப்பவர்களுக்கு இடம் தருவதைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. ஏற்கெனவே புதைந்திருப்பவர்களைப் பற்றி அல்ல. இரண்டு, சாதிவாரி மயானப் பிரிவினையை அது புதிய ஊருக்கும் சட்டப்படி எடுத்துச் செல்கிறது. வழக்கத்தை மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்டிருக்கலாம். விளைவு என்னவோ, பழைய ஊரின் வேலி புதிய ஊரிலும் முளைப்பதுதான்.

போர்க் கல்லறை ஆணையம் 1952இல் சிதறிய கல்லறைகளை நந்தம்பாக்கத்துக்கு மாற்றியபோது ஒவ்வொன்றுக்கும் பெயர், எண், இடம் ஆகியவை ஏட்டில் இருந்தன. அதனால்தான் மாற்ற முடிந்தது. பெயரில்லாத மண்மேட்டை மாற்ற முடியாது. சுரங்கத்தின் மேல்மண்ணோடு அது சேர்ந்துவிடும். சட்டம் மீறப்படவே வேண்டாம். சட்டத்தை முழுதாகக் கடைப்பிடித்தாலும் இழப்பு நடக்கும். ஈழத்தில் போராளிகள் புதைக்கப்பட்ட கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, அதன்மேல் 2011இல் இராணுவத் தலைமையகம் எழுந்தபோது தமிழுலகம் கொதித்தது. அது திட்டமிட்ட அழிப்பு. நெய்வேலியில் நடப்பதை அதோடு நான் சமப்படுத்தவில்லை. பகையில்லாமலும் ஒரு மயானம் அழியலாம் என்பதையும், அப்படி அழியும்போது கேட்பார் இல்லை என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

7. இரண்டு மறுப்புகள்

இவர்கள் அந்நிய ஆட்சிக்காகச் சம்பளத்துக்குப் போரிட்டவர்கள். இவர்களை ஏன் நினைவுகூர வேண்டும் என்பது முதல் மறுப்பு. இடதுசாரி, திராவிட, தேசிய மரபுகள் மூன்றிலும் இதற்கு வலுவான வடிவங்கள் உண்டு. முதல் உலகப் போரை இந்திய மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1919இல் ஜாலியன்வாலாபாகில் சுட்டதும் இந்தியச் சிப்பாய்களே. இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் நினைவுகூர்தல் என்பதைப் புகழ்தல் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்த மறுப்பு முழுதாக நிற்கும். பட்டினியும் சாதியும் 11 ரூபாயும் ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன என்று தெரிந்துகொள்ள அவர் பெயர் வேண்டும். பெயரை அழித்துவிட்டால் பேரரசுக்கு எதிரான குற்றச்சாட்டின் சாட்சியையும் சேர்த்தே அழிக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. ஊருக்கு ஊர் படைவீரர் சின்னம் எழுப்பத் தொடங்கினால் அது சாதிச் சங்கங்களின் வீரப் பெருமைக்குக் கருவியாகும். போர்க்குடி என்ற பட்டத்துக்குப் போட்டி போடும் மேடைகள் இன்று தமிழகத்தில் குறைவில்லை. பேரரசு கண்டுபிடித்த போர்ச்சாதிக் கோட்பாட்டால் தள்ளி வைக்கப்பட்ட மாகாணத்தில், அதே கோட்பாட்டை நாமே எடுத்துப் பூசிக்கொள்வது பெரும் அவலம். சிலையும் தூணும் வேண்டாம் என்று நான் முடிவுக்கு வந்தது இதனால்தான். சிலைக்கு ஒரு முகம் வேண்டும். யாருடைய முகம் என்ற கேள்வியில் ஊர் பிளக்கும்.

8. கல்லுக்கு முன் ஏடு

பஞ்சாப் அரசு 1919இல் ஊர்வாரியாகத் தொகுத்த போர்ப்பணிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன; 2021இல் பிரிட்டனிலுள்ள பஞ்சாபி மரபு அமைப்பொன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கின. ஏறக்குறைய 3,20,000 பேரின் விவரங்கள். இறந்தவர்களோடு திரும்பியவர்களும் அதில் இருக்கிறார்கள். எந்த ஊர்க்காரர், தந்தை பெயர் என்ன, எந்தப் படை என்ற குறிப்புகள் வழியாக இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிப் பிடிக்கிறார்கள். மணிக்கூண்டுக் கல்வெட்டு செய்யாததை ஒரு குமாஸ்தாவின் ஏடு செய்துவிட்டது.

தமிழகத்தில் நூறாண்டு தாமதமாகச் செய்ய வேண்டியிருப்பதால் ஏடு கீழிருந்து எழுதப்பட வேண்டும். அதற்கான பொருள் இன்னும் முற்றாக அழியவில்லை. டிரங்குப் பெட்டிகளில் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகம், பதக்கம், குழுப் புகைப்படம் இருக்கின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்தவர்களின், விதவையர்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவையர்க்கும் மாநில அரசு தரும் மாத உதவித்தொகைக் கோப்புகள் ஊர்ப்பெயரோடு இருக்கின்றன. எந்த மூலையில் யாரைப் புதைத்தோம் என்று சொல்லக்கூடிய முதியவர்களும் மயானப் பணியாளர்களும் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பட்டியலில் மிக விரைவாகத் தீர்ந்துபோகும் சான்று இவர்கள்தான்.

கிராம ஊராட்சி வைத்திருக்கும் பதிவேடாக இது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ரெஜிமென்டோ தில்லியோ வைத்திருந்தால் ஊருக்கு மீண்டும் ஒரு எண்தான் வந்து சேரும். பெயர், தந்தை அல்லது தாய் பெயர், படைப்பிரிவு, பணியின் தன்மை, போன இடம், இறந்த ஆண்டு, எந்த மயானத்தில் எந்தப் பக்கம் என்ற குறிப்பு ஆகியவை போதும். சமையற்காரரையும் சுமை தூக்கியவரையும் துப்புரவாளரையும் தனிப் பிரிவில் ஒதுக்காமல் அதே வரிசையில் எழுத வேண்டும். இந்திய தேசிய இராணுவத்தவரும் அதே ஏட்டில் வர வேண்டும். ஊருக்கு மூன்று மயானம் இருந்தாலும் ஏடு ஒன்றாகவே இருக்க வேண்டும். அகர வரிசையில் எழுதினால் சாதியோ பதவியோ முன்னால் வராது. கிராம சபையில் வாசித்து, திருத்தம் கேட்டு, தீர்மானமாக ஏற்கலாம்.

சுரங்கத்துக்கு நிலம் கேட்கப்படும் ஊர்களில் வரிசை முக்கியம். வீடு, மரம், கிணறு எண்ணும் அளவீட்டுக் குழு வரும் நாளில் மயானத்தின் ஏடும் ஊராட்சியின் கையில் தயாராக இருக்க வேண்டும். இழப்பீட்டு விசாரணையில் அதை ஆவணமாகத் தாக்கல் செய்து, புது ஊரின் மயான வாயிலில் பழைய ஊரில் புதைந்தவர்களின் பெயர்கள் அனைத்தும், படைவீரர்களோடு மற்றவர்களும், ஒரே கல்லில் எழுதப்பட வேண்டும் என்று கேட்க முடியும். 2013 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அதற்கு இன்று இடமில்லை. அட்டவணையில் ஒரு வரி கூட்டுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. மாநில அரசு தன் விதிகளிலேயே அதைச் சேர்க்கலாம்.